கையோடு கொடுத்த பில்கள்

நான் ஏழாவதோடு படிப்பை விட்ட தச்சன். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் பிளைவுட் வாங்கினால், கடை பில்லை அன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆசாரி திருடிவிட்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இப்போது வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. போன் வழியாக என் வங்கிக் கணக்கில் விழுந்த பணம் மொத்தமும் என் வருமானமாம். அதில் பெரும்பகுதி பலகைக்கும் கீலுக்கும் போனது.

அல்சூரில் இருக்கும் ஆடிட்டர், "வாங்குன பில்லைக் கொண்டா, நோட்டீஸுக்குப் பதில் எழுதிக் குடுக்கறேன். இல்லேன்னா கட்டித்தான் ஆகணும்" என்றார். கட்டுவதென்றால் மிஷின்களை விற்க வேண்டும். கடைகளில் கேட்டால் பழைய நகல் இல்லை என்கிறார்கள்.

காக்ஸ் டவுனில் நான் சமையலறை அலமாரி செய்து கொடுத்த டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன்.

"பில்லா? பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேனேப்பா" என்றார். "நான் எங்க கேட்டேன்? நீதான் கையில திணிச்சிட்டுப் போன."

நான் சமையலறை அலமாரி முன் போய் உட்கார, டீச்சரம்மா பின்னாலேயே வந்தார்.

"அலமாரிதான் நிக்குதே, அதைக் காட்டுனா ஒத்துக்க மாட்டாங்களா?"

கீழ் டிராயரை உருவினேன். உள்பலகையில் பிளைவுட் கம்பெனி முத்திரை அழியாமல் இருந்தது. அதில் விலையும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. உதவாது என்று தெரிந்தும் போனில் படம் எடுத்தேன். கலங்கலாக விழுந்ததால் மறுபடியும் எடுத்தேன்.