சின்னம்மாவுக்கு வீசா முடிந்த நாள்

போர்ட் பிளேருக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் பதில் சொல்வேன். ஒரு நடுத்தர ஓட்டலின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். போனுக்கு சிக்னல் கிடைக்குமா? ஹேவ்லாக்கில் ஏடிஎம் இருக்கிறதா? கடற்கரையில் பொறுக்கிய சங்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்களாமே, ஆட்டோக்காரரிடம் எதைச் சொல்வது? பழையதையே சொல்லுங்கள், எங்களுக்கே புதியது இன்னும் வாயில் நுழையவில்லை. கடைசியில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: நிகோபார் போக முடியுமா? முடியாது. அவை பழங்குடிகளுக்கு ஒதுக்கிய தீவுகள். இந்தியர் என்றாலும் பாஸ் வேண்டும். வெளிநாட்டவர் என்றால் பேச்சே கிடையாது.

இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால்தான் என் சின்னம்மாவுக்கும் சொல்ல வேண்டி வந்தது.

என் அம்மா நிகோபாரில், கச்சால் தீவில் இருக்கிறாள். இலங்கை மலைத்தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த குடும்பங்களை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பங்கு பிரித்தபோது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சீக்கிரமே இந்திய பாஸ்போர்ட் வந்துவிட்டது. கப்பலேற்றிக் கொண்டுவந்து கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். நான் பிறந்தது அங்கேதான். அம்மாவின் ஒரே தங்கை அப்போது கல்யாணமாகாத பெண். தாத்தாவோடு இலங்கையிலேயே நின்றுவிட்டாள். அன்றைக்குப் பிரிந்த அக்காவும் தங்கையும் அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடிதம் இருந்தது. சுனாமியில் அம்மாவின் வீட்டோடு அந்தக் கடிதங்களும் தங்கையின் ஒரே போட்டோவும் போயின. பிறகு போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள்.

போன வருடம் சின்னம்மாவின் மகன் அவளுக்கு ஒரு மாத வீசா எடுத்து அனுப்பிவைத்தான். திருச்சிப் பக்கத்து உறவுகளைப் பார்த்து, சமயபுரத்தில் கும்பிட்டுவிட்டு, மிச்ச நாட்களை வைத்துக்கொண்டு இங்கே வந்தாள். விமான நிலையத்தில், வெளிநாட்டவர் மேசைக்கு முன்னால், பெரிய பெரிய முதுகுப்பைகளோடு நின்ற வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால், வாயில் துணிச் சேலையும் ரப்பர் செருப்புமாக நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனது கேட்கவில்லை. சொந்த அக்காவைப் பார்க்க வந்தவளை யார் மறிக்கப் போகிறார்கள் என்று அவளை பாஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். உறவினர் என்றால் பாஸ் தரலாம் என்று அங்கிருந்த குமாஸ்தா சந்தோஷமாகத்தான் பேனாவை எடுத்தார். பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"யே தோ ஃபாரினர் ஹை, மேடம். நஹீ ஹோகா."

"என்னா சொல்றாரு மகள்?"

"நீங்க வெளிநாட்டுக்காரியாம், சின்னம்மா. விட மாட்டாங்களாம்."

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆத்தாடி! அங்க இருந்தா இந்தியாக்காரின்னு ஏசுறாங்க. இங்க வந்தா வெளிநாட்டுக்காரியா நானு?"

அந்த மனிதர் நல்லவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தோம்.

சரி, தங்கை போக முடியாவிட்டால் அக்கா வரட்டும் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, கப்பலில் வாந்தி, இருந்தாலும் உடனே பையைக் கட்டிவிட்டாள். கச்சாலில் அம்மாவோடு இருக்கிற தம்பி போன் பண்ணினான். "அம்மாவ கையில புடிக்க முடியலக்கா. புதுச் சேலைய இப்பவே கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா." கப்பல் வரவேண்டிய நாளில் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் உருவானது. எங்கள் தீவுகளில் இது புதிய செய்தி அல்ல. கப்பலை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள் என்று ஓட்டலில் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அம்மா கப்பல் ஏறுகிற ஜெட்டி வரைக்கும் ஜீப்பில் வந்து, மழையில் நின்று, திரும்பிப் போனாள். அடுத்த கப்பலுக்கும் அதேதான். வானிலை மோசம், கப்பல் இல்லை என்று தம்பி சுருக்கமாகச் சொன்னான்: "மௌசம் கராப்புக்கா. ஜஹாஸ் கேன்சல்." ஹெலிகாப்டர் நோயாளிகளுக்கே பறக்கவில்லை.

சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் அழுகிறாள் என்று, கராச்சர்மாவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஒரு மாலை சின்னம்மாவை சிடியா டாப்புக்கு அழைத்துப் போனேன். தெற்கு முனை, சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் போகிற இடம். மழை விட்டிருந்தது. சுற்றி எல்லோரும் மேற்கே பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் தெற்கே தெரிந்த தீவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தா தெரியுதே, அதானா கச்சால்?"

"இல்ல சின்னம்மா. அது ரட்லேண்ட். கச்சால் இன்னும் எவ்வளவோ தூரம்."

"தூரம்னா? எங்க தோட்டத்துலருந்து கொழும்பு மாதிரியா?"

அதைவிடத் தூரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அவள் ரட்லேண்டையே இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவிலாவது பார்க்கட்டும் என்று தம்பி மேட்டில் ஏறி நின்று முயன்றான். அம்மாவின் முகம் பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு கண், கொஞ்சம் மூக்கு, மற்றதெல்லாம் கட்டம் கட்டமாக. சின்னம்மா அந்தப் படத்தை அணைக்க விடவில்லை. புயல் வலுத்ததும் கச்சாலில் டவரும் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

சின்னம்மா புறப்படுவதற்கு முந்தின நாள் வெயில் அடித்தது. வானொலியில் கப்பல் அறிவிப்பு கேட்டேன். கச்சாலில் ஆளேற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது. விசாரித்தால், பயணிகளில் அம்மாவின் பெயரும் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் போர்ட் பிளேர் சேரும். சின்னம்மாவின் விமானம் மறுநாள் காலை. சென்னையில் இறங்கி, வேறு விமானம் ஏறி, நாள் முடிவதற்குள் அவள் இந்தியாவைவிட்டு வெளியேற வேண்டும். அன்றோடு வீசா முடிகிறது.

நான் ஓடாத இடமில்லை. நீட்டிக்க வழியில்லை என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் மட்டும் காதோடு சொன்னார், கிழவிதானே, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகட்டும், தலையையா வாங்கிவிடுவார்கள் என்று. எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கடதாசி இல்லாமலா?"

"ஒரே ஒரு நாள். அம்மா நடுக்கடல்ல வந்துக்கிட்டு இருக்கா, சின்னம்மா."

"அக்காளுக்கு அப்பவே கடதாசி குடுத்துட்டாங்க மகள். எனக்கு அந்த நாடும் குடுக்கல, இந்த நாடும் குடுக்கல. எங்கப்பா கடதாசி இல்லாமலே செத்தாரு. பொலிசு எங்க லயத்து வீடுகளுக்கு வந்தா நாங்க தேயிலைக்குள்ள போய்ப் படுத்துக்குவோம். தலை நரைச்ச பெறகுதான் நீ இந்த நாட்டு ஆளுன்னு எனக்கு எழுதிக் குடுத்தாங்க. இனிமே ஒரு ராத்திரிகூட என்னால கடதாசி இல்லாம படுக்க ஏலாது."

கெஞ்சினேன். கோபப்பட்டேன். நாங்கள் இருக்கிறோம், யார் என்ன செய்வார்கள் என்று கத்தினேன். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பையைக் கட்டத் தொடங்கினாள். அதைப் பார்த்தபிறகு நானும் சேர்ந்து கட்டினேன். காலையில் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகும்போது பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன பிறப்பு இது என்று ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் ஜெட்டிக்குப் போனேன். அம்மா ஒரு பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். புதுச் சேலை கசங்கி, வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில், தலை நரைத்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்கடி அவ?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. "காலைல போயிட்டாம்மா. வீசா முடிஞ்சிருச்சு."

"நான் வாரேன்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

அம்மா அப்படியே நின்றாள். பின்னால் இறங்கியவர்கள் முட்டிக்கொண்டு போனார்கள். நான் அவளை ஓரமாக இழுத்து, கடதாசியைப் பற்றி, லயத்துக்கு வந்த போலீசைப் பற்றி, தாத்தாவைப் பற்றி, சின்னம்மா சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வருடங்களில் அம்மா அங்கே இல்லை. யாரோ அயலார் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் இருந்தா என்னா செஞ்சிருப்பாங்க? ஜெயில்ல போட்டுருப்பாங்களா?"

"போடமாட்டாங்கம்மா. அவ பயந்துட்டா."

"போட்டா போடட்டுமே. நான் அங்க போயி அவளப் பாத்திருப்பேனே."

அப்போது என் போன் அடித்தது. சென்னை விமான நிலையத்தில் யாரிடமோ போனைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டிருக்கிறாள் சின்னம்மா. "அக்கா வந்துட்டாளா? குடு மகள், குடு" என்றாள். அம்மாவின் கையில் போனைக் கொடுத்தேன். அக்கா, அக்கா என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. அம்மா காதில் வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தானாக நின்றதும் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கச்சாலுக்கு அடுத்த ஜஹாஸ் எப்ப?" என்றாள்.