ஓய்வு தொண்ணூறு விநாடி

எனக்கு எழுபது வயது நிறைவதற்குள் ஐந்து கிலோமீட்டரை முப்பது நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும். முடியாவிட்டால் ஓட்டத்தை விட்டுவிட்டுக் காலையில் தன்னோடு நடக்க வரவேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். என் முழங்கால் அவளுக்குக் கவலை. நானும் சம்மதித்தேன். அன்றைக்குப் பிறந்தநாளுக்கு நூற்று அறுபத்தொரு நாட்கள் இருந்தன. பூங்காவில் சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். ஆகவே எனக்கு இருபத்து மூன்று சனிக்கிழமைகள்.

நடை எனக்கு ஒத்துவராது. நடக்கும்போது மனம் கால்களை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று அங்கே நின்று தேடும். ஓடும்போது மட்டும்தான் இரண்டும் ஓரிடத்தில் இருக்கின்றன.

ஹோம்புஷ் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். மருத்துவமனையில் தாதி, நாற்பது வயதிருக்கும், பல மரதன் ஓடியவள். அவள்தான் எனக்கு வழி சொன்னாள். செவ்வாய்க்கிழமை இன்டர்வல்: நானூறு மீட்டரை வேகமாக எட்டுத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் தொண்ணூறு விநாடி ஓய்வு. வியாழக்கிழமை டெம்போ: நிற்காமல் இருபது நிமிடம், கொஞ்சம் கடினமான ஒரே வேகத்தில்.

இன்டர்வல் எனக்கு உடனே பிடித்துவிட்டது. எட்டு ஓட்டம், ஏழு ஓய்வு, மூவாயிரத்து இருநூறு மீட்டர். எல்லாவற்றையும் எண்ணலாம். டெம்போவில் எண்ண என்ன இருக்கிறது? அதைத் தொடவே இல்லை.

பதினாறு சனிக்கிழமைகள் போயின. முப்பத்தொரு நிமிடம் நாற்பது விநாடி, முப்பத்தொன்று ஐம்பத்திரண்டு, மறுபடியும் முப்பத்தொன்று நாற்பது. பதினேழாவது வாரச் செவ்வாயன்று மேல்மாடிப் பெண் இரவு வேலை முடிந்து வரும் வழியில் மைதானத்து வேலியோரம் நின்று நான் ஓடுவதைப் பார்த்தாள். முடித்ததும் கூப்பிட்டாள்.

"அங்கிள், நடுவுல எத்தனை செகண்ட் ரெஸ்ட் எடுத்தீங்க?"

"தொண்ணூறு."

"என் வாட்ச்ல முப்பத்தஞ்சுதான் காட்டுது."

"முதல் ரண்டுக்கும் தொண்ணூறு எடுத்தனான்."

"பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. அப்புறம் பஸ் வரலன்னு நடந்தே கிளம்பிடுறீங்க."

"சும்மா நிண்டால் உடம்பு ஆறிப்போயிடும், பிள்ளை."

"ஆறணும் அங்கிள், அதுக்குத்தான் ரெஸ்ட்! ஆறாம ஓடினா கடைசி நாலு ரவுண்டும் தேர் மாதிரி அசையுறீங்க. இது இன்டர்வலும் இல்ல, டெம்போவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க."

அவள் சொன்னது சரிதான். நிற்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். பத்து. நெடுநேரம் கழித்துப் பார்ப்பேன். பதினாறு. முப்பதைத் தாண்டினால் கால் தானாகப் புறப்பட்டுவிடும். எண்ணத் தெரிந்தவன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தொண்ணூறு வரை நிற்கத் தெரியவில்லை.

டெம்போவுக்கு அவள் ஒரு சோதனை சொன்னாள்: ஓடும்போது ஒரு மூச்சில் ஒரு சின்ன வாக்கியம் பேச முடிய வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் வராவிட்டால் வேகம் அதிகம். கதை பேச முடிந்தால் வேகம் போதாது. எனக்குப் பேச ஆள் இல்லை. பதினாறாம் வாய்பாட்டை எடுத்தேன். மூச்சுக்கு ஒரு வரி. ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு, எட்டு பதினாறு நூற்று இருபத்தெட்டு. நாயோடு எதிரே வந்த ஒருவர் பாதையின் மறுபக்கம் மாறிக்கொண்டார். டெம்போவிலும் எண்ண இடமிருந்தது.

ஓய்வுக்கு மனைவி பொறுப்பேற்றாள். செவ்வாய் காலைகளில் உட்கார ஒரு மடக்குக் கதிரையோடு மைதானத்துக்கு வந்தாள். ஒவ்வொரு நானூறும் ஓடி முடிந்ததும் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அது கைப்பைக்குள் போகும். அவள் பெருவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு நூற்றெட்டு முறை 'முருகா' சொல்வாள். வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தோம். சரியாகத் தொண்ணூறு விநாடி. முடியும்வரை நான் புறப்படக் கூடாது.

"எத்தினை ஆச்சு?"

"பேசாமல் நில்லுங்கோ. எண்ணிக்கை தப்பினால் திரும்ப முதலிலையிருந்து."

அந்தப் பயத்தில் நின்றேன். ஆறு செவ்வாய்கள் அப்படி நின்றேன். நேரம் இறங்கியது: முப்பத்தொன்று பத்து, முப்பது நாற்பத்தைந்து, முப்பது இருபது.

கடைசிச் சனிக்கிழமை மழை தூறியது. கடைசி முந்நூறு மீட்டரில் வாய்பாடு வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது; காலடியை மட்டும் எண்ணினேன். முடிவுக் கோட்டைக் கடந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கதிரையோடு காத்திருந்த மனைவியிடம் போனேன்.

"எத்தினை?"

"முப்பது. மூண்டு செக்கன்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதிரையை மடக்கினாள். "சரி. நாளைக்கு ஆறு மணிக்கு நடப்பம்."

மறுநாள் எனக்கு எழுபது. ஆறு மணிக்கு நடந்தோம். அவள் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். நான் பூங்காவில் உட்காரப் போட்டிருந்த வாங்குகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவது வாங்கில் அவள் உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. நான் நூற்றெட்டு முழுக்கச் சொல்லேல்லை."

"என்ன?"

"உங்கட கால் துடிச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாக்க ஏலாமல் கிடந்தது. எண்பதிலை விட்டிடுவன்."

"ஒவ்வொரு தரமுமோ?"

"ஓம்."

இருபத்தெட்டு குறைவு. ஏழு ஓய்வு. ஆறு செவ்வாய். "ஆயிரத்து நூற்று எழுபத்தாறு முருகா குறையுது," என்றேன். "நீர் முழுக்கச் சொல்லியிருந்தால் அந்த மூண்டு செக்கன் போயிருக்கும்."

"போயிருக்குமோ?"

"தெரியாது. ஓடிப் பாத்தால்தான் தெரியும்."

"சாமி பேரைப் பாதியிலை விட்டதும் பிழைதான். இன்னும் ஆறு கிழமை, ஆறு செவ்வாய் ஓடிப் பாருங்கோ. அதுக்கு மேலை ஒரு நாளும் இல்லை. கதிரையை இனி நீங்கள்தான் தூக்கோணும்."

உடனே எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்றேன். செவ்வாய்க்கு இரண்டே நாள்தான் இருந்தது. அவள் அசையவில்லை. குறைந்ததில் கொஞ்சத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று பெருவிரலை முதல் கணுவில் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொன்றாவது முருகாவில் எழுந்துவிட்டேன்.