கறுப்புக் கோட்டுக்காரன்

இன்று மதியம் போனில் ஒரு பழைய படம் பார்த்தேன். ஓடும் ரயிலில் கொலை.

டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்தார். ரயில் குகைக்குள் நுழைந்தது. என்னை அறியாமல் படத்தை நிறுத்திவிட்டேன்.

எண்பதுகளில் பெரம்பலூர் டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜக்டர்தான். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். கொலைப் படம் என்றால் அந்த இடைவெளியில் மணல் தரை முழுக்கச் சண்டை நடக்கும், கொன்றது யார் என்று.

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். பஸ்ஸை மட்டுமே அறிந்த என் வீட்டுக்காரர், பரிசோதகரைக் கண்டதுமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"கண்டக்டர்னா காக்கி போட்டுருக்கணும்ல? இவன் எதுக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு தூங்குறவங்கள எழுப்புறான்? இவன்தான் கொன்னுருக்கான், பாரேன்!"

முன்னால் இருப்பவர் திரும்பி, "அவரு டிக்கெட் பாக்குறவருங்க" என்பார். அடுத்த ரீல் ஓடும்வரை இவர் விட மாட்டார். ஒரு படத்திலும் இவர் சொன்னது சரியாக இருந்ததில்லை.

இன்று, அவர் இல்லாத வீட்டில், "இவனா இருக்குமோ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மகனுக்குப் போன் போட்டேன்.

"கீழ கமெண்ட்ல எவனாச்சும் போட்டுருப்பான், பாத்துக்கம்மா" என்று வைத்துவிட்டான்.

நான் பார்க்கவில்லை. ரயில் இன்னும் குகைக்குள்தான் நிற்கிறது.

விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். தெரியாதவர்கள் மட்டும் சண்டைக்கு வாங்க.

நானே ஆரம்பிக்கிறேன். அந்தக் கறுப்புக் கோட்டுக்காரன்தான் கொன்றான்.