ஏசியை அணைக்கச் சொன்ன பாடகி

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அந்த அம்மாள் முதலில் செய்த காரியம், ஏசியை அணைக்கச் சொன்னது. துபாயில் ஏப்ரல் கடைசி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காதில் விழுந்தது சரிதானா என்று திரும்பிப் பார்த்தேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். அணைத்தேன். அல் கூஸில் இருக்கும் எங்கள் குடோனுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம் என்ற நிலை. அவரோ கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போலச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் ஒலி அமைப்புக் கம்பெனியில் சவுண்ட் எஞ்சினியர். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கம்பெனி சின்னது என்பதால் ஸ்பீக்கர் தூக்குவது, வேன் ஓட்டுவது, பாட வருபவர்களை ஹோட்டலிலிருந்து கூட்டி வருவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வாப்பாவின் நண்பர் கடையில் நிற்பதற்காகத்தான் இங்கே வந்தேன். கடையில் நின்றது கொஞ்ச நாள்தான். மிக்ஸர் பெட்டியின் முன்னால் நின்றதுதான் மீதி வாழ்க்கை.

வயதான பாடகர்கள் வளைகுடாவுக்கு வருவது எனக்குப் புதிதல்ல. பின்னால் பழைய பாட்டு ஓடும். முன்னால் அவர்கள் உதட்டை அசைத்து, கையை ஆட்டி, பூங்கொத்து வாங்கிக்கொண்டு போவார்கள். மைக்கை நான் அணைத்தே வைத்திருந்த நிகழ்ச்சிகள் உண்டு, யாருக்கும் தெரிந்ததில்லை. ஆகவே, இங்கிலாந்திலிருந்து ரெகே என்ற ஜமைக்கா இசையைப் பாடும் ஒரு பாடகி வருகிறார், எழுபதை நெருங்குகிறார் என்று முதலாளி சொன்னபோது, இன்னொரு கையாட்டும் கேஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் கையாட்ட வருபவர் எதற்காகத் தொண்டையைக் காப்பாற்ற வேண்டும்? அந்தக் கேள்வி வேனிலேயே எனக்கு உறைத்துவிட்டது, வியர்வையோடு சேர்ந்து.

குடோனில் ஒத்திகை. பக்கவாத்தியக்காரர்கள் யாரும் கிடையாது. கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அவருடைய முதல் பாட்டு இசைத்தட்டாக வந்த காலத்தில், ஒரு பக்கம் பாட்டு இருக்குமாம். மறுபக்கம் அதே பாட்டு குரல் இல்லாமல், வெறும் இசையாக இருக்குமாம். ரெகேயில் அது வழக்கம். யார் வேண்டுமானாலும் அந்த இசைமீது தன் குரலை வைத்துப் பார்க்கலாம். அந்த மறுபக்கத்தைத்தான் இத்தனை வருஷமாக ஊர் ஊராகக் கொண்டுபோய், அதன்மேல் தானே பாடிக்கொண்டிருக்கிறார். பாட்டின் நடுவே குரல் விறுவிறுவென்று மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. வயதைக் காட்டி சுருதியை இறக்கிக்கொள்ளலாம்தானே என்று கேட்டேன். இறக்கினால் பாஸ் என்கிற அந்தக் கனத்த அடிச்சத்தம் நெஞ்சில் விழாது, வயிற்றில் விழும் என்றார். இது விஷயம் தெரிந்த பேச்சு. அந்த நிமிஷத்திலிருந்து அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் கேபிள்காரர் சிவகங்கைப் பக்கம். அவர் போட்டுத் தந்த சுலைமானியை, அதாவது பால் இல்லாத டீயை, ஊதி ஊதிக் குடித்தபடி, ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து அந்த அம்மாள் பேசினார். பேசியது ஆங்கிலம், என் நினைவில் தங்கியிருப்பது தமிழில்தான். தாயும் தகப்பனும் ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிப் போனவர்கள். தகப்பனுக்கு பஸ் டிப்போவில் வேலை, தாய்க்கு ஆஸ்பத்திரியில். கறுப்புப் பிள்ளைகளை நல்ல கிளப்புகளின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதனால் வீட்டு நிலவறைகளில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, அவர்களே பாட்டு வைத்து ஆடினார்கள். அப்படி ஒரு நிலவறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த போட்டியில், பள்ளிக்கூடச் சீருடையோடு போய்ப் பாடி ஜெயித்தார். ரெகே என்றால் அப்போது ஆண்களின் கோபமும் போராட்டமும்தான். இந்தப் பெண் பிள்ளைகள் அதே தாளத்தில் காதலைப் பாடினார்கள். லவ்வர்ஸ் ராக் என்று அதற்குப் பெயர் வந்தது.

பாட்டு பெரிய வெற்றி. டெலிவிஷனில் ஒரு முறை தோன்றினார். உடனே கம்பெனிக்காரர்கள், ரெகேயை விடு, எல்லாருக்கும் பிடித்த மாதிரி டிஸ்கோ பாடு என்றார்கள். மாட்டேன் என்றார். அதோடு அவர்கள் போன் வருவது நின்றது. பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, வாரக் கடைசியில் கல்யாண வீடுகளில் பாட்டு, மகளை வளர்த்தது, ஜப்பான் வரை போய்ப் பாடிவிட்டுத் திங்கட்கிழமை காலை மறுபடி உருளைக்கிழங்கு உரித்தது எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு? பாடிக்கிட்டுதானே இருந்தேன்?" என்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கம்பெனி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். இவர் தூற்றவில்லை. எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது.

அப்போதுதான் நிகழ்ச்சியை நடத்துகிறவர் வந்தார். சென்னைக்காரர், சுறுசுறுப்பானவர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே பழைய பாட்டிலிருந்து குரலைத் தனியாக உரித்துக் கொடுத்துவிடுகிறது. அப்படி உரித்தெடுத்த குரலோடு வந்திருந்தார். பதினாறு பதினேழு வயதில் அந்த அம்மாள் பாடிய குரல். இசையோடு அதைப் பொருத்தி ஓட விட்டார். குடோன் முழுக்க ஒரு சின்னப் பெண் பாடினாள். அம்மாள் கையில் சுலைமானியோடு அசையாமல் கேட்டார்.

முடிந்ததும், "நல்லாப் பாடுறா அந்தப் பொண்ணு" என்றார். பிறகு நிகழ்ச்சிக்காரரைப் பார்த்து, ஆனால் சனிக்கிழமை நான்தான் பாடப்போகிறேன் என்றார். அவர் முன்னாலேயே ஒரு தடவை பாடியும் காட்டினார், மேலே ஏறும் இடத்தில் மட்டும் குரல் லேசாக உடைந்தது.

கண்டிப்பாக மேடம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நிகழ்ச்சிக்காரர் என் பக்கம் தமிழில் திரும்பினார். "பாய், அந்த மேல போற எடம் அம்மாவுக்கு ஒடையுது. நீங்களே கேட்டீங்க இல்ல? அங்க மட்டும் பழைய வாய்ஸ நைசா ஏத்தி விட்ருங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல. அடுத்த சீசன் ஷோ எல்லாம் உங்க கம்பெனிக்குத்தான்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது? முதலாளி அந்த சீசனை நம்பித்தான் புது ஸ்பீக்கர்கள் இறக்கியிருந்தார்.

அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வெந்துகொண்டிருந்த வேனில் திரும்பும்போது சொன்னார். "அந்தக் குரலை ஏத்துற பட்டன் உங்க விரலுக்குக் கீழதான் இருக்கும், இல்லையா? பாட்டு உடைஞ்சா உடையட்டும். உடையுறது என் குரலா இருக்கட்டும்." அதற்குப் பிறகு ஹோட்டல் வரும்வரை தொண்டையைச் சேமித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம், கடற்கரை ஹோட்டலின் ஹாலில் விருந்து. வந்தவர்களில் பாதிப் பேர் இங்கே டீச்சராகவும் நர்ஸாகவும் வேலை செய்யும் லண்டன்காரர்கள். அந்த அம்மாளைப் போலவே ஜமைக்கா வேர் உள்ளவர்கள். ஐம்பது, அறுபது வயசுப் பெண்கள் பளபளவென்று உடுத்திக்கொண்டு, புருஷன்மாரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் சில பாட்டுகளிலேயே ஆட எழுந்துவிட்டார்கள். அதை ஆட்டம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகராமல், பாஸ் சத்தத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பார்க்கவும் பிடித்திருந்தது.

கடைசியாக அந்தப் பாட்டு. மிக்ஸரில் இசையின் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு ஃபேடர், மைக்குக்கு ஒரு ஃபேடர், பக்கத்தில் அந்தச் சின்னப் பெண்ணின் குரலுக்கு ஒரு ஃபேடர். என் விரல் மூன்றாவதன்மேல் இருந்தது. நிகழ்ச்சிக்காரர் ஹாலின் கோடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏறும் இடம் வந்தது. அம்மாள் ஏறினார். குரல் உடைந்தது. அவர் பதறவில்லை, உடைந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, அங்கிருந்து பேசுவதுபோல மெதுவாக இறங்கி வந்தார். என் விரல் அசையவில்லை. யோசித்து எடுத்த முடிவு என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். அந்த இறக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததில் விரலை மறந்துவிட்டேன்.

திடீரென்று ஹால் வெடித்தது. மேசைகளை ஓங்கித் தட்டினார்கள். ஓரமாக நின்றவர்கள் மரச்சுவரைக் குத்தினார்கள். ஒருத்தி கரண்டியால் தட்டில் அடித்தாள். எல்லாரும் மேடையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, நிறுத்து நிறுத்து என்று சைகை காட்டிக் கத்தினார்கள்.

"பாய், ஏன் இப்புடித் தட்டுறாய்ங்க? காசத் திருப்பிக் கேக்குறாய்ங்களோ?" என்றார் கேபிள்காரர்.

வளைகுடாவில் சவுண்டுக்காரனின் கைக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் இறக்க வேண்டும். செக்யூரிட்டி கையைக் காட்டினால் இறக்க வேண்டும். கூட்டத்தில் சலசலப்பு என்றாலும் முதலில் இறக்க வேண்டும், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். மூளை யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கீழே இழுத்துவிட்டேன். ஹாலில் சத்தமே இல்லை. கலாஸ், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாளின் மானத்தையும் வாங்கிவிட்டேனே என்பதுதான் அதைவிட அதிகமாக உறுத்தியது.

மறுகணம் கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆர்ப்பரித்தது. அது கோபமில்லை. குதித்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சிலர் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கையாட்டினார்கள். மேடையில் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒற்றை விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். முதலிலிருந்து போடு.

அவர்களின் வழக்கம் அது. பின்னால் அவரே விளக்கினார். அந்த நிலவறைகளில் ஒரு பாட்டு தாங்க முடியாத அளவுக்குப் பிடித்துப்போனால், ஜனங்கள் சுவரைக் குத்துவார்களாம். பாட்டு வைக்கிறவன் உடனே நிறுத்தி, முதலிலிருந்து வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை ஒரு பாடகிக்கு அங்கே கிடையாது. அத்தனை பேர் அதைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானோ பயந்து செய்தேன்.

முதலிலிருந்து போட்டேன். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. உடைந்த தொண்டையோடு அந்த இடத்துக்கு அவர் இன்னொரு தடவை ஏற வேண்டுமே. இந்த முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், கோடியில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. அந்த இடம் வந்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். உடையவில்லை. கனமாக, கொஞ்சம் கரகரப்போடு, முழுசாக மேலே போய் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேபிள்காரர் பார்க்கிறாரே என்று ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்து ஸ்பீக்கர்களை இறக்கிக்கொண்டிருந்தபோது நிகழ்ச்சிக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் பாய்! மொதல்ல கோட்ட விட்டாலும் ரெண்டாவது தடவ கரெக்டா பழைய வாய்ஸ ஏத்திட்டீங்க. எனக்கே தெரியலைன்னா பாத்துக்கங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏத்தலைங்க. கையத்தான் பின்னால கட்டியிருந்தேனே. அந்த ஃபேடரு கீழேயே கெடக்கு, வந்து கண்ணால பாருங்க" என்றேன்.

அவர் கண்ணடித்தார். "சரி சரி, நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் மத்தியானம் விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அம்மாள் வேனில் ஏறுவதற்கு முன்பே ஏசியை அணைத்து, சன்னலை இறக்கி வைத்திருந்தேன். வழியில், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் நிகழ்ச்சிக்காரர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அவருக்காக நானே மன்னிப்பும் கேட்டேன்.

அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எங்க போனாலும் எல்லாரும் அவளைத்தான் கேட்டு வருவாங்க, தெரியுமா? அந்தச் சின்னப் பொண்ணை" என்றார். "என் வாழ்நாள் முழுக்க அவளோடதான் எனக்குப் போட்டி. நேத்துதான் முதல் தடவையா ஒருத்தர் என்னை அவள்னு நினைச்சிருக்காரு."

கம்பளித் துண்டைக் கழுத்திலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டார். என் பக்கத்துச் சன்னலை ஏற்றச் சொல்லிவிட்டு, தானே கையை நீட்டி ஏசியைப் போட்டு, முழுசாக ஏற்றி வைத்தார்.