கடைசிப் பக்கத்துக் கேள்வி

பதிப்பகங்களின் வாசலில் காத்துக்கிடக்க சிகேனோவுக்குப் பொறுமை கிடையாது. துப்பறியும் கதைகளைத் தானே எழுதி, தானே அச்சடித்து, ஜப்பானின் செண்டாய் நகரத்துப் புத்தகச் சந்தையில் தானே மேசை போட்டு விற்பாள். அங்கே எல்லோரையும் போல, புரட்டிப் பார்க்க மாதிரிப் பிரதி ஒன்றையும் முன்னால் வைப்பாள்.

அன்று வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் அந்தப் பிரதியை எடுத்து நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். மதியமாகியும் கீழே வைக்கவில்லை.

பக்கத்து மேசைக் கவிஞன் ஹயாசேவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஆளு ஓசியிலயே முடிச்சிடுவாரு போல. ஏதாவது சொல்லுங்க."

"பாவம், கால் வலிக்கும்ல" என்றபடி சிகேனோ தன் நாற்காலியை எடுத்து அவருக்குப் போட்டாள்.

"நல்லா இருக்கு. டீயும் வாங்கிக் குடுங்க" என்று ஹயாசே முணுமுணுத்தான்.

கடைசிப் பக்கத்தில் அவர் நிமிர்ந்தார். மாதிரிப் பிரதியில் முடிவு இல்லை. அந்த இடத்தில் சிகேனோவின் கையெழுத்தில் ஒரு கேள்விதான் இருந்தது: கொன்றது யார்?

"மருமகன்தானே?" என்றார், சந்தேகமே இல்லாமல்.

"இல்லீங்க."

அவர் உடனே பணத்தை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஹயாசே எட்டிப் பார்த்தான். "அப்ப யாருதான்க்கா கொன்னது?"

சிகேனோ பணப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள்.