காய்ச்சல் கண்ட உடம்பு

முதல் குளிர் நடுப்பகலில் வந்தது. அஸ்ஸாம் காட்டில், பர்மா எல்லைக்குப் போகும் ரோட்டுக்குக் கல் பரப்பிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. எனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கையிலிருந்த கூடை நழுவிக் காலில் விழுந்தது. பக்கத்தில் வேலை செய்த ஆர்க்காட்டுக்காரன் பயந்துபோய் என்னைத் தாங்கிப் பிடித்தான். எனக்குப் பயமே இல்லை.

"இது எங்க ஊட்டு ஒரம்பரைப்பா. வந்தா நாலு நாள் இருந்துட்டுத் தானாப் போயிரும்" என்று சிரித்தேன். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி.

போரிலிருந்து காய்ச்சலோடு திரும்பி, கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டுப் பெண்களுக்காகவும்தான். எனக்கு எழுத்துத் தெரியும். சேந்தமங்கலத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கி ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துத் தெரிந்த நானே ஏமாந்தேன் என்றால் மற்றவர்கள் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக்காரன் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு). மழை விட்ட பிறகு எங்கள் மலையில் காய்ச்சல் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வரும். அதில் சில பிள்ளைகள் போய்விடும். பிழைத்த பிள்ளையைக் 'காய்ச்சல் கண்ட உடம்பு' என்பார்கள். அது எங்களுக்கு ஒரு பட்டம் மாதிரி. கல்யாணப் பேச்சு எடுத்தால், காடு எவ்வளவு, மாடு எத்தனை என்பதற்கு முன்னால் வரும் கேள்வி இதுதான்: காய்ச்சல் கண்ட உடம்பா? காணாத உடம்பு என்றால் யோசிப்பார்கள். கல்யாணமான வருஷமே முதல் காய்ச்சலில் போய்விட்டால் என்ன செய்வது? வெள்ளையம்மாவை எனக்குப் பேசியபோது, "ஆறு வயசுலயே கண்டவனுங்க" என்று என் அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே பேச்சு முடிந்து வெற்றிலை மாற்றினார்கள்.

அஸ்ஸாமில் வந்தது அந்தக் காய்ச்சல் அல்ல. மூன்றாம் முறை வந்தபோது சிறுநீர் காப்பித் தண்ணீர்போலக் கறுத்துப் போயிற்று. கருநீர்க் காய்ச்சல் (ரத்தம் உள்ளுக்குள்ளேயே கரைந்து சிறுநீரோடு வெளியேறும் நோய்) என்றார் டாக்டர். மூங்கில் கொட்டகை ஆஸ்பத்திரியில் என் இரண்டு பக்கத்திலும் படுத்திருந்தவர்கள் அடுத்தடுத்துப் போனார்கள். நான் போகவில்லை. கொய்னா (காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து) கொடுத்தபோது நாள் முழுக்கக் காதுக்குள் சில்வண்டு கத்தியது. பிறகு மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்று தின்று மஞ்சள் பூசிக் குளித்தவன்போலத் தோல் முழுக்க மஞ்சளாயிற்று.

டாக்டர் என் இடது விலாவுக்கு அடியில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். மண்ணீரல் (காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வீங்கிக் கல்லாகும் உறுப்பு) நான்கு விரல் அகலம் இறங்கியிருப்பதாகச் சொன்னார். பட்டாளத்தில் சேர்த்தபோதும் ஒரு டாக்டர் அதே இடத்தை அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை, நல்ல உடம்பு என்று எழுதித்தான் ரயிலேற்றினார்கள். இந்த விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நீண்ட தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. கை போனவன், கண் போனவன், என்னைப்போல் வெளியே எதுவும் போகாதவன் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று வெள்ளைக்கார டாக்டர்கள். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு ஹவில்தார் நின்றார்.

"பட்டாளத்துல சேர்றதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்திருக்கான்னு கேக்குறாரு" என்றார் ஹவில்தார்.

அரை நிஜார் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி நிற்பவனைச் சோப்பளாங்கி என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம் வந்தது. என் அப்பா சொன்ன மாதிரியே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"ஆறு வயசுலயே கண்டவனுங்க. எங்க மலையில காணாதவனே இல்லீங்க."

ஹவில்தார் உடனே சொல்லிவிடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா" என்றார்.

நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு இங்கிலீஷில் சொன்னார். நடுவில் இருந்தவர் பென்சிலால் ஒரு வரி எழுதினார். அந்த அறையில் நான் இருந்தது ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட இருக்காது. வெளியே வரும்போது ரயில் பாஸும் ஒரு சாம்பல்நிறக் கம்பளியும் கொடுத்தார்கள்.

அடிவாரத்திலிருந்து டோலி கட்டித்தான் என்னை மேலே தூக்கிவந்தார்கள். சாமை மூட்டையைச் சுமந்துகொண்டு அதே பாதையில் ஓடி இறங்கியவன் நான். வெள்ளையம்மா என் மஞ்சள் மூஞ்சியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விலாவுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தாள். "இது என்னங்க, கொழந்தையாட்டம் இருக்குது" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அன்று முதல் எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர். முறைக்காய்ச்சல் (நாள் இடைவிட்டு முறைவைத்து வரும் காய்ச்சல்) என்று இதற்குப் பேர். ஏர் பிடித்தால் நான்கு சாலுக்குள் மூச்சு வாங்கிவிடும். வெள்ளையம்மா ஒருத்தியே காட்டைக் கொத்தினாள். அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை பென்ஷன்தான். அது வந்தால் ஆள் வைத்து உழலாம், வரியைக் கட்டலாம், காடு ஜப்தியாகாமல் நம் கையிலேயே இருக்கும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து வந்தது ஒரு இங்கிலீஷ் காகிதம். குளிர் இல்லாத நாளாகப் பார்த்துக் கீழே இறங்கி, பட்டாளத்துக்காரர்களுக்கென்று இருந்த ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுப் படித்தார்.

"உங்க நோவு பட்டாளத்தால வந்ததில்லை, பொறந்த மலையில வந்ததுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. பென்ஷன் கிடையாதுங்க."

"அங்க வந்து கறுப்பு மூத்திரம் போனதுங்களே?"

"இருக்கலாமுங்க. நீங்களே ஆறு வயசுல இருந்து காய்ச்சல்னு சொன்னதா எழுதியிருக்குதே" என்றார். எனக்குக் காதுக்குள் மறுபடி சில்வண்டு கத்தியது.

அவர் பொறுமையாக விளக்கிச் சொன்னதை உங்களுக்காக எழுதுகிறேன். போரில் செத்தால் பெண்டாட்டிக்குப் பென்ஷன் உண்டு, அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாத வரைக்கும். குண்டு பட்டால் பென்ஷன் உண்டு. எந்த அவயவம், எவ்வளவு போயிற்று என்று கணக்குப் பார்ப்பார்கள். நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டால் உண்டு. உன் உடம்பிலேயே இருந்த நோய் என்றால் கம்பளி. கம்பளி என்று அவர் சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன். ஆக, செத்திருந்தால் வெள்ளையம்மாவுக்குப் பிரயோஜனமாக இருந்திருப்பேன். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மலையேறும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பீல் மனு போடலாம், சேர்வதற்கு முன் நோய் இல்லை என்று ஊர்ப் பெரியவர் சர்டிபிகேட் கொடுத்தால் நல்லது என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். எங்கள் நாட்டு மணியக்காரரிடம் போனேன். வரி வசூலிப்பதும் ஊர்க் காகிதங்களைப் பார்ப்பதும் அவர்தான்.

"ஏஞ்சாமி, உன் கல்யாணத்துல காய்ச்சல் கண்டவன்னு உங்கப்பன் சொல்லறப்ப பக்கத்துல உக்காந்திருந்தவன் நானு. இப்ப காணாதவன்னு என்னையே எழுதச் சொல்றயா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என்னையே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்துவந்தார். "இதையும் படிச்சுப் பாரு கண்ணு" என்றார்.

முந்தின வருஷம் எங்கள் நாட்டு ஊர்கள் முழுக்கக் காய்ச்சலில் படுத்துவிட்டன. களை எடுக்க ஆளில்லாமல் சாமை புல்லுக்குள் மூழ்கிப் போயிற்று. அதற்காக வரியில் வஜா (தள்ளுபடி) கேட்டு அவர் எழுதிய மனுவுக்கு வந்த பதில் அது. விசாரித்ததில் இந்த மலையில் சொல்லிக்கொள்ளும்படியான காய்ச்சல் எதுவும் இல்லை. ஜனங்கள் சுகமாக இருக்கிறார்கள். ஆகவே வஜாவுக்கு இடமில்லை.

இரண்டு தடவை படித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் குளிரே மறந்துபோயிற்று. என் மனுவோடு அதன் நகலையும் வைத்துத் தைத்தேன். காய்ச்சலே இல்லாத மலையிலிருந்து நான் எப்படிக் காய்ச்சலைக் கொண்டுபோயிருக்க முடியும் என்று கேட்டு எழுதினேன். எழுதி முடித்தபோது, சர்க்காரையே மடக்கிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. வெள்ளையம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

பதில் மிகவும் சுருக்கமாக இருந்தது. வரி விஷயம் வேறு இலாகாவைச் சேர்ந்தது. முந்தின உத்தரவில் மாற்றம் இல்லை.

வரி கட்ட ஜோடி மாட்டில் ஒன்றை விற்றோம். காடு கையில் நின்றது. ஏர் நின்றுபோயிற்று.

அந்த வாரம்தான் வசூலைப் பார்க்க ஒரு ரெவின்யூ உத்தியோகஸ்தர் மலையேறி வந்தார். களைத்துப்போய் எங்கள் வீட்டு முன்னால் உட்கார்ந்து சுடுதண்ணீர் கேட்டார். பையிலிருந்து கொய்னா எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என் மஞ்சள் தோலைப் பார்த்துவிட்டுப் பிரியமாகப் பேசினார்.

"ரொம்ப மோசமான மலைங்க இது. இங்க வேலைக்கு வாரவங்களுக்குச் சர்க்கார்ல காய்ச்சல் படின்னு சம்பளத்தோட சேர்த்துக் குடுக்கறாங்க. இல்லாட்டி எவன் ஏறுவான்?"

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்து அவர் உரக்கச் சொன்னார். தண்ணீர்ச் சொம்போடு நின்ற வெள்ளையம்மா கேட்டாள்: "ஏனுங்க, அப்ப எங்க மலையில காய்ச்சல் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

அவருக்கு அவள் கேட்டது விளங்கவில்லை. "ஜாக்கிரதையா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் குளிரத்தான் செய்யும். ஆனால் அவர் குளிருக்கு ஒரு பேர் இருக்கிறது, அதற்கு ஒரு படி இருக்கிறது. என் குளிரை எந்தக் காகிதமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு சாமை அறுப்பு ஆகிவிட்டது. மண்ணீரல் இரண்டு விரலாகச் சுருங்கியிருக்கிறது. தோலில் மஞ்சள் போய்விட்டது. குளிர் சில மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, சில மாதம் வராமலும் இருக்கிறது. டாக்டர்கள் இதைக் குணம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் எனக்குக் கிழமைகள் போய்விட்டன. என் நாள், அதன் நாள் என்று இரண்டே நாள்தான் இருக்கின்றன. யாராவது நாளைக்கு வா என்றால், நாளை யாருடைய நாள் என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைவிருக்காது. இப்போது யாரோ எழுதப்போகும் காகிதத்தைச் சுமந்துகொண்டு திரிவதுபோல் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சேரும்போது உங்களைச் சோதித்து நல்ல உடம்பு என்று எழுதினார்களே, அதைச் சொல்லுங்கள். மற்றதைக் கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். பெருமையாக ஒன்றும் சொல்லாதீர்கள்.

போன மாதம் வெள்ளையம்மாவின் தங்கை செல்லியைப் பெண் கேட்டு ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்தார்கள். மாமனார் காலமாகிவிட்டதால் என்னிடம்தான் பேசினார்கள். பெரியவர் ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"புள்ள காய்ச்சல் கண்ட ஒடம்புதானுங்களே?"

எனக்கு முதலில் அவர் கைமேல்தான் பார்வை போனது. பென்சில் இல்லை, வெற்றிலைதான் இருந்தது. அப்படியும், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். உள்ளேயிருந்து வெள்ளையம்மா ஓடிவந்தாள். "அஞ்சு வயசுலயே கண்டவளுங்க. அப்பறம் மூணு தடவ வந்து போயிருக்குது" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு வெள்ளையம்மா என் எதிரில் வந்து நின்றாள்.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப மருந்து அரைச்சுக் குடுத்ததே நீங்கதான. மறந்து போச்சுங்களா?"

"மறக்கல."

"அப்பறம் தெரிஞ்சதச் சொல்றதுக்கு என்னங்க?"

மறுநாள் அதன் நாள். எழுந்துபோய்ச் சர்க்கார் கொடுத்த கம்பளியை எடுத்து உதறி வெயிலில் போட்டேன்.