கஞ்சி வரிசைக்கு ஆரிஃப் போட்ட பக்கம்

போன வருட நோன்பில் ஒருநாள், கஞ்சி தீர்ந்து தேக்சாப் பானையின் அடி தெரிந்த பிறகு, வேலைத்தளத்துச் சட்டையோடு ராமநாதபுரத்துத் தொழிலாளி ஒருவர் ஓடி வந்து நின்றார். கடைசிக் கிண்ணத்தை வாங்கியிருந்த ஆரிஃப் அதை அவர் கையில் வைத்து, "எனக்கு வீட்டுல இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தான். வீட்டில் எதுவும் இல்லை என்பது கஞ்சி ஊற்றும் அப்துல் மஜீதுக்குத் தெரியும். ஆரிஃபின் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் பகுதியில் இருந்த அவன் வீட்டில் அடுப்பு எரிந்து பல நாளாகியிருந்தது. மஜீது யாரிடமும் அதைச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஆரிஃபைக் கண்டால் கரண்டி மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

ஆரிஃப் கப்பல் கம்பெனி ஒன்றில் கணினி வேலை பார்ப்பவன். லிட்டில் இந்தியாவின் சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளிவாசலுக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வந்துவிடுவான்.

அங்கே நோன்பு மாதம் முழுக்க மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள். யார் கை நீட்டினாலும் உண்டு. வருகிறவர் தன் பாத்திரத்தோடு மட்டும் வருவதில்லை. அடுக்குமாடி புளோக்கில் மேல்மாடி, கீழ்மாடிக்காரர்களின் பாத்திரங்களையும் சேர்த்துத் தூக்கி வருவார். வரிசை மெதுவாக நகரும், நடைபாதை அடைபடும், கடைவாசல்கள் மறையும். புகார் மேல் புகார். இந்த வருடமும் அப்படித்தான் என்றால் வெளியே கொடுப்பதையே நிறுத்திவிடுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. அதைக் கேட்டதிலிருந்து மஜீதுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமா, ஒரு வெப் பேஜ் போடுவோம்" என்றான் ஆரிஃப். "அவங்கவங்க நேரத்தை அழுத்தினா ஒரு நம்பர் வரும். அந்த நேரத்துக்கு வந்தா போதும். வரிசையே இருக்காது லா."

"அதுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் பள்ளியில வைக்கணுமா தம்பி? குழுவில கபீர் பாய் இப்பவே முகத்தைச் சுளிப்பாரே."

"நமக்குன்னு மெஷினே வேணாம். புரோகிராமையும் அதுக்கு வேண்டிய சாமானையும் ஒரே பெட்டியா கட்டி கிளவுடுக்கு, அதாவது வெளியில ஒரு கம்பெனியோட மெஷினுக்கு அனுப்பிடுவேன். கன்டெய்னர்னு சொல்வோம். பேஜைத் திறக்க ஆள் வந்தா அந்தக் கம்பெனிக்காரங்களே ஓட்டுவாங்க. கூட்டம் கூடினா அதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு பெட்டியை ஓடவிடுவாங்க. யாரும் வரலைன்னா நிறுத்திடுவாங்க."

"யா அல்லாஹ்! நம்ம சமையக்கட்டுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!"

பெட்டியை ஏற்றிய அன்று மஜீது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரையில் எழுத்துகள் விழுந்தடித்து ஓடின. கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையவில்லை. பிறகு பச்சையில் ஒரு வரி. "ரன்னிங்!" என்று ஆரிஃப் தொடையில் தட்டினான். மஜீது தம் கைபேசியில் பக்கத்தைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினார். ஒன்றாம் எண் வந்தது. சிறுபிள்ளை மாதிரி அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் இமாம் அறிவித்தார். சட்டைப் பைகளிலிருந்து கைபேசிகள் ஒன்றாக வெளியே வந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து மசாலாக் கடை ஹலீமாவின் குரல் எழுந்தது.

"மஜீது அண்ணே! எனக்குப் பதினாலு. என் மருமகளுக்கும் பதினாலு. எதிர்த்தாப்புல பூக்கடை ரெங்கசாமிக்கும் பதினாலாம். மூணு பேரும் ஒரே கிண்ணத்துல குடிக்கவா?"

சிரிப்பு கிளம்பியது. நிர்வாகக் குழுவின் அஹமது கபீர் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், வருடா வருடம் கடைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிறவர் அவர்தான். "இதுக்கு வரிசையே தேவலை. அஸருக்குள்ள சரியாகலைன்னா வெளியில கஞ்சி கிடையாதுன்னு நோட்டீஸை ஒட்டிடுவேன், மஜீது. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

ஆரிஃப் சமையக்கட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியோடு உட்கார்ந்தான். மஜீது பூண்டு உரித்தபடி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். திடீரென்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"தப்பு என்னுதுதான் மாமா! பேரு, நம்பரையெல்லாம் பெட்டிக்குள்ளேயே எழுத வெச்சுட்டேன். இத்தனை நாள் நீங்களும் நானும்தான் பார்த்தோம், ஒரு பெட்டி போதுமா இருந்துச்சு. இன்னிக்கு மொத்தப் பள்ளியும் ஒரே மூச்சுல திறந்ததும் அது மூணு பெட்டியாயிடுச்சு. ஒவ்வொண்ணும் தனித்தனியா ஒண்ணுலேர்ந்து நம்பர் கொடுத்திருக்கு!"

"ஒண்ணுக்கொண்ணு கேட்டுக்காதா?"

"கேட்டுக்காது. நம்பர் வெளியில ஒரே இடத்துல இருக்கணும். எந்தப் பெட்டியா இருந்தாலும் அங்கதான் வந்து கேட்கணும். இதோ, மாத்திடுறேன்."

விரல்கள் பறந்தன. பெட்டியை மறுபடி கட்டினான், மறுபடி ஏற்றினான். பச்சை வரி வந்தபோது கபீர் நோட்டீஸும் டேப்புமாக வாசலில் நின்றிருந்தார்.

"பொறுங்க பாய்!" மஜீது தெருவுக்கே ஓடினார். ஹலீமா, அவர் மருமகள், ரெங்கசாமி, பரோட்டாக் கடை ஆட்கள், பழக்கடைச் சீன அம்மா எல்லாரையும் வாசலில் திரட்டினார். பள்ளிக்குள் இருந்தவர்களும் வந்து நின்றார்கள். "நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணா அழுத்துங்க. பிஸ்மில்லாஹ்!"

அழுத்தினார்கள். ஆளாளுக்கு எண்ணைக் கூவினார்கள். கபீர் தம் திரையைப் பார்த்து, "எனக்கு முப்பத்தொண்ணு. வேற யாருக்காச்சும் முப்பத்தொண்ணா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். பிறகு நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" மஜீதுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கபீர் பாய், இந்த வருஷம் நீங்களும் நேரத்துக்கு வந்தாத்தான் கஞ்சி!" என்றார் ஹலீமா.

முதல் நோன்பன்று நடைபாதையில் காற்று தாராளமாக நடந்துபோனது. மஜீது ஊற்ற ஊற்ற, ஆரிஃபின் திரையில் வாங்கியவர்களின் எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

பெருநாள் கழிந்ததும் கம்பெனி ஆரிஃபைக் குடும்பத்தோடு ஹாம்பர்க் கிளைக்கு மாற்றியது. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் மஜீது அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்தக் குளிருல கஞ்சிக்கு என்ன தம்பி பண்ணுவே?"

"கஞ்சி கெடைக்காதுதான் மாமா. ஆனா அடுத்த நோன்புக்கு அங்கேர்ந்து நம்ம பேஜைத் திறந்து வெச்சிருப்பேன். எனக்கு அப்போ காலையாத்தான் இருக்கும். முதல் நம்பர் பச்சையானதும், மஜீது மாமா கரண்டியைப் பிடிச்சுட்டாருன்னு என் பொண்டாட்டிகிட்டச் சொல்வேன்."